மனம் தடுக்காத கை

தண்டாயுதபாணி மாமாவைக் கடலைக்காட்டில் வைத்துப் பாம்பு கடித்தது. கட்டிலில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வருவதற்குள் நகங்கள் கறுத்துவிட்டன. கூடப் பிறந்தவள் என்று என் அம்மா பெரியநாயகியைக் கூப்பிட்டார்கள். அம்மா யோசிக்கவில்லை. அண்ணன் உச்சந்தலையில் வாயை வைத்து மூன்று முறை ஊதினாள்.

ஓர் ஊதலுக்குப் பத்து வருஷம். ஊதியவரை விட்டுப் போய் வாங்கியவருக்குச் சேரும். அன்று மாமாவிடம் அவருடையது என்று ஒரு நாள்கூட மிச்சம் இல்லை. பிறகு அவர் உடம்பில் ஓடியது முழுவதும் அம்மாவின் முப்பது வருஷம்தான்.

அதை ஆளுக்குப் பாதியாக்கிக்கொள்வது எங்கள் பக்கத்து முறை. வாங்கியவர் தன் கையால் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஊதியவர் அதைக் குடித்தால் ஒரு மிடறுக்கு ஒரு வருஷம் திரும்பி வரும். தினம் ஒரு மிடறு, பதினைந்து நாள் என்பது வழக்கம்; ஒரேயடியாகக் குடித்தாலும் கணக்கு அதுதான். வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினால் வராது. திருடிக் குடித்தாலும், கையிலிருந்து பிடுங்கிக் குடித்தாலும் வராது. கொடுக்கிற நேரத்தில் மனம் தடுக்காமல் இருக்க வேண்டும். பாதியைத் தாண்டிக் குடித்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். குடித்தவர் வாங்கியவராகிவிடுவார், மற்றவர் கொடுத்தவராகிவிடுவார்.

முதல் நாள் மாமா ஊரே பார்க்கத் தங்கைக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் பண்ணையாள் கையில் சொம்பு வந்தது. மூன்றாம் நாள் கதவு சாத்தியிருந்தது. நான்காம் நாள் அம்மா வேலிப்படலுக்கு வெளியே நின்று கூப்பிட்டபோது, அவர் உள்ளே இருந்தபடியே பேசினார்.

"ஏம்புள்ள, உம்பட உசுரு வேற எங்க போயிருச்சு? எங்கிட்டத்தான இருக்குது. பத்தரமா இருக்குதுன்னு நெனச்சுக்க."

மறுநாளும் போனோம். அவர் நாயை அவிழ்த்துவிட்டார். அம்மாவின் கணுக்காலில் அது கடித்த தடம் இன்னும் இருக்கிறது.

மணியக்காரர் நாச்சிமுத்துவிடம் முறையிட்டோம். மனம் தடுக்கிற கையை அதிகாரத்தால் நீட்டவைக்க முடியாது என்று அவர் சொன்னார். அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் மாமா வீட்டு வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

ஊதலில் போன வருஷங்கள் உடம்பில் தெரியக் கொஞ்ச நாளாகும். தண்ணீரில் போவதும் வருவதும் அப்போதே தெரியும். ஆடிக்குள் அம்மாவின் தலை வெளுத்தது. தைக்குள் பல் நான்கு விழுந்து முதுகு வளைந்தது. அவளுக்கு முப்பத்தாறு வயது. அப்பா மேட்டூர் அணை வேலைக்குப் போய் வருஷமாகிறது. திரும்பி வந்தால் அவளை அடையாளம் தெரியாது. கிணற்றடியில் அவளுக்கு 'ஊதிக் கெட்டவள்' என்று பெயர் வந்தது. கந்தம்மாள் ஒரு நாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே, "எங்கூட்டு எருமைகூட ரெண்டு நாளாப் படுத்துக்கெடக்குது, ஒரு ஊது ஊதறயா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். வாய் ஒத்துழைக்கவில்லை.

மாமாவுக்கோ நரைத்த மீசை கறுத்தது. கிணற்றிலிருந்து கவலைமாடு இழுக்கிற தோல் பறியைத் தண்ணீரோடு ஒற்றைக் கையால் சரித்துக் காட்டினாராம். நாற்பத்தெட்டு வயதில், மோகனூரில் இருபது வயதுப் பெண்ணை இரண்டாம் தாரமாகப் பேசி முடித்தார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பகலில் ஊருக்கெல்லாம் விருந்து. எங்கள் வீட்டைத் தவிர.

அம்மாவை வைத்தியர் பார்த்திருந்தார். சித்திரை தாண்டாது என்றார். அப்போது மாசி. இரண்டு நாள் யோசித்தேன். மாமா அவளைக் கிட்டத்தில் பார்த்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. அவர் செய்த வேலையே அவளை மறைத்துவைத்திருந்தது.

பந்தலில் நான் எச்சில் இலை எடுக்கிற பெண்களோடு நின்றுகொண்டேன். இலை எடுப்பவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அம்மா முக்காடு போட்டு வரிசையின் கடைசியில் உட்கார்ந்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் அவளை மோகனூர்க் கிழவி என்று நினைத்தார்கள், மோகனூர்க்காரர்கள் எங்கள் ஊர்க் கிழவி என்று நினைத்தார்கள். தண்ணீர் ஊற்றுகிற ஆளிடம், பெண் வீட்டார் மறு கோடியில் கேட்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினேன். மாமா புது வேட்டி சரசரக்க, இலை இலையாகக் குனிந்து, இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ளச் சொல்லி உபசரித்துக்கொண்டு வந்தார். அவர் மூன்று இலை தள்ளி இருக்கும்போது, நான் சொல்லிவைத்திருந்தபடி அம்மா குழம்பில்லாத வெறும் சோற்றை உருட்டி விழுங்கினாள்.

விக்கல் வந்தது. நடிப்பு இல்லை. கண் பிதுங்குகிற விக்கல்.

பக்கத்தில் ஒருவருக்கு விக்கினால் எங்கள் ஊர்க் கை நிற்காது. எதிரியாக இருந்தாலும் முதலில் சொம்பை நீட்டிவிட்டுத்தான் ஆளைப் பார்க்கும். மாமாவும் சட்டென்று குனிந்து, தரையில் இருந்த பித்தளைச் சொம்பை எடுத்து நீட்டினார்.

"மெதுவா, ஆயா. தண்ணி குடிங்க."

தங்கையை ஆயா என்றார். அம்மா சொம்பை வாங்கி, அண்ணாந்து ஊற்றினாள்.

நான் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மிடறில் கழுத்துச் சுருக்கம் இறுகியது. எட்டில் முதுகு நிமிர்ந்தது, முக்காடு விழுந்தது. சின்ன வயதில் மாமா விளையாட்டுக்குச் சூடுவைத்த தழும்பு முழங்கைக்குக் கீழே பளபளத்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் மனம் தடுத்திருக்கும். ஆனால் சொம்பு கை மாறிவிட்டது.

"நாயகி," என்றார். "போதும் நாயகி."

பதினான்காவது மிடறில் பாதி சரியாகிவிட்டது. முதல் நாள் கொடுத்த ஒன்றையும் சேர்த்துப் பதினைந்து. அவள் கண் மூடியிருந்தது, எண்ணிக்கொண்டிருந்தது நான்தான். போதும் என்று நானும் சொல்லியிருக்கலாம். அந்த நாய் ஞாபகம் வந்தது. எருமை ஞாபகம் வந்தது. நான் சொல்லவில்லை. இருபத்து மூன்றாவது மிடறோடு சொம்பு காலியானது.

மாமா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார். மீசை சாம்பலாகிக்கொண்டிருந்தது. அவரிடம் இனி ஆறு வருஷம். பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ வண்டியைப் பூட்டச் சொன்னார்கள்.

அப்போது மாமாவுக்கு விக்கல் எடுத்தது.

தண்ணீர்க்காரன் அப்போதுதான் திரும்பி வந்து நின்றான். அம்மாவின் கை தானாக நீண்டு அவனிடமிருந்த சொம்பைப் பிடித்தது. அண்ணனுக்கு விக்குகிறது, அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரியும். நான் இலைகளைப் போட்டுவிட்டு ஓடி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேண்டாம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். முப்பத்தாறு வயதை விடக் கொஞ்சமே கூடின முகம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையைச் சேலைக்குள் மடக்கிக்கொண்டாள். மாமாவுக்கு வேறு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அது வெறும் தண்ணீர்.

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் நான்தான் கொடுக்கிறேன். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. மாமா தினமும் உச்சிவெயிலில் வந்து எங்கள் வேலிப்படலுக்கு வெளியே உட்காருகிறார். அவர் இருமினால் அம்மா கையிலிருக்கிற பாத்திரத்தைக் கீழே வைத்துவிடுகிறாள்.

அடுத்த வாரம் மல்லசமுத்திரம் சந்தைக்குப் போகிறவர்களிடம் நல்ல நாய் ஒன்று கிடைக்குமா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.