கூட வந்தவள்

எங்கள் சங்கத்துக்குப் புதிதாக யாராவது வந்தால், பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே "நீ கடுமையா, நடுத்தரமா, லேசா?" என்றுதான் கேட்போம். ரத்தம் உறையாத நோயில் அப்படி மூன்று வகை. நான் கடுமை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. லேசான ஆட்களை நாங்கள் பெரிதாக மதிப்பதில்லை. அது ஆண்களுக்கு வருகிற நோய் என்பதால், வந்தது பெண்ணாக இருந்தால் கேள்வியே வேறு. "நீ யாரோட அக்கா?"

என் அக்கா நெய்ஸா அந்தக் கேள்விக்கு என்னைக் கைகாட்டியே வளர்ந்தவள். எங்கள் ஊர் ஓருரோவின் இளைஞர் அணியில் அவளுக்குப் பதவி கிதவி எதுவும் கிடையாது. ஆனால் அவள் இல்லாமல் ஒரு கூட்டம்கூட நடந்ததில்லை. யாருக்கு எந்தக் கையில் நரம்பு அகப்படும் என்பது அவளுக்கு அத்துப்படி. ரத்தத்தை உறைய வைக்கிற ஃபேக்டர் ஊசி போடுவாள், மூட்டை தூக்குவாள், திட்டுவாள். திட்டுவதில் மட்டும் அவளுக்கு அலுப்பே வராது.

அன்றைக்கு மலைக்கு அந்தப் பக்கம் கோச்சபாம்பா நகரத்தில் இளைஞர் முகாம். நானும் நெய்ஸாவும் கிரோவரும் யாமிலும் மற்ற பயணிகளோடு ஒரு வாடகை வேனில் கிளம்பினோம். கிரோவருக்கு முழங்காலும் சரியில்லை, வாயும் சரியில்லை. யாமிலுக்குப் பதினான்கு வயது. அவன் அம்மா அவனைத் தனியாக வெளியூர் அனுப்பியது அதுதான் முதல் தடவை, அதுவும் நெய்ஸா கூட வருகிறாள் என்ற ஒரே காரணத்துக்காக.

காலையிலிருந்தே நெய்ஸா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல கறி அடைச்ச சல்தேன்யாவ அந்த வெட்டு வெட்டினியே, அதான்," என்றான் கிரோவர். "எங்களுக்கு ஒண்ணு குடுத்திருந்தா வயித்துல பாரம் கொறைஞ்சிருக்கும்."

"வாயை மூடுடா. இது பொம்பளைங்க சமாச்சாரம்."

கிரோவர் உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் எங்கள் அணியில் எந்த ஆம்பளையும் அடுத்த கேள்வி கேட்க மாட்டான். தன் கணுக்கால் வீங்கின கதையை நாள் முழுக்கச் சொல்லுகிற ஆட்கள்தான் நாங்கள்.

மலைக்கு மேலே போனதும் வேன் நின்றுவிட்டது. சாலை மறியல். கால்வாய்த் தண்ணீர் கேட்டு அந்தப் பக்கத்து விவசாயிகள் சாலை நெடுகப் பாறைகளை உருட்டிப் போட்டிருந்தார்கள். டயர் எரிகிற புகை. முன்னால் லாரிகள் கண்ணுக்கெட்டின தூரம் நின்றன. இப்படி மாட்டிக்கொண்டால் எங்கள் ஊர்க்காரர்கள் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மறியலை நடந்து கடப்பார்கள், அந்தப் பக்கம் வேறு வண்டி பிடிப்பார்கள். கால் நன்றாக இருப்பவர்களுக்கு அது ஒரு நடை, அவ்வளவுதான்.

கிரோவர் வேனிலிருந்து இறங்கும்போதே காலை மடக்கிக்கொண்டான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் பன்னு மாதிரி உப்பிவிட்டது. நெய்ஸா அவனைப் படியில் உட்கார வைத்து, திட்டிக்கொண்டே ஐஸ் பெட்டியைத் திறந்து, மருந்தைக் கலந்து ஏற்றினாள். போட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் வேனின் தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். குளிருக்கு என்று நினைத்தேன்.

பெட்டியில் ஒரே ஒரு டோஸ்தான் மிச்சம்.

யாமில் அதை எட்டிப் பார்த்தான். "லிம்பெர் அண்ணா, இங்கயே மாட்டிக்கிட்டோம்னா? நடுவுல எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது. அந்தக் கல்லு மேல ஏறாம கம்முனு உக்காரு," என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. பயம் எங்களுக்குப் பழகின விஷயம்தான். ஆனால் ஆஸ்பத்திரி இல்லாத மலையில், போன் சிக்னல் இல்லாத இடத்தில், ஒரே ஒரு டோஸை வைத்துக்கொண்டு பயப்படுவது வேறு மாதிரி.

மறியலுக்குத் தலைவி ஒரு அம்மா. தொப்பி, அடுக்கடுக்கான பாவாடை, கழுத்தில் விசில், கன்னத்தில் அடக்கிய கோகா இலை. நான் போய்க் கெஞ்சினேன்.

"நோயாளிங்கம்மா நாங்க. எங்கள விட்ருங்க."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பாத்தா கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்க. என்ன நோய்?"

"ரத்தம் நிக்காதும்மா."

"ரத்தம் எங்க? காட்டு."

"உள்ளுக்குள்ள ஓடுதும்மா. வெளிய தெரியாது."

"நல்லா இருக்கே இது! நேத்து ஒருத்தன் தலையில கட்டுப் போட்டுக்கிட்டு வந்தான். அவுத்துப் பாத்தா தக்காளி. தக்காளியாவது கொண்டு வந்தான் அவன். நீ வெறுங்கையோட வந்திருக்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து கிரோவரின் முழங்காலைக் காட்டினேன். அவள் தொட்டுப் பார்த்தாள். அந்தச் சூடு கையில் பட்டதும் முகம் மாறிவிட்டது. விசிலை ஊதி, வயல் வழியாகச் சுற்றிப் போகிற ஒரு பழைய பிக்கப் வண்டியைக் கூப்பிட்டாள்.

"நோயாளிங்க மட்டும் ஏறுங்க. எத்தனை பேரு?"

"நாங்க மூணு பேரும்மா."

"இந்தப் பொண்ணு?"

"அவ நோயாளி இல்லம்மா. என் அக்கா. கூட வந்தவ."

நெய்ஸாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். "நான் நடந்து வர்றேன். நீங்க போங்கடா, போய் அந்தப் பக்கம் வண்டி ஏதாச்சும் பாருங்க." எங்கள் பைகளையும் ஐஸ் பெட்டியையும் தோளில் மாட்டிக்கொண்டாள். வண்டி குலுங்கினால் மருந்துக் குப்பி உடையும் என்று பெட்டியை எங்களிடம் தரவில்லை. வண்டி கிளம்பியபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாமில் தலையைக் கம்பியில் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

அந்தப் பக்கம் இறங்கிக் காத்திருந்தோம். நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எங்கள் வேனில் வந்த கோழிக்காரர் கூடையோடு வந்தார். முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த பெண் வந்தாள். ஊன்றுகோல் வைத்திருந்த கிழவர்கூட வந்துவிட்டார். நெய்ஸா வரவில்லை.

"எங்கயாவது எவனையாவது திட்டிக்கிட்டு நிப்பா," என்றான் கிரோவர்.

கோழிக்காரரிடம் கேட்டேன். "சிவப்பு ஸ்வெட்டர் போட்ட பொண்ணா? அது வழியில உக்காந்திருச்சு தம்பி. மலைக்காத்து ஒத்துக்கல போல. மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு."

மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லையா? ஓருரோவில் பிறந்தவளுக்கா? எங்கள் ஊரே இந்த மலைக்குக் கொஞ்சம்தான் கீழே இருக்கிறது. யாமிலைக் கிரோவரிடம் விட்டுவிட்டு, ஏற்கெனவே தேய்ந்த கணுக்காலை வைத்துக்கொண்டு ஓடினேன். ஓட்டம் என்று சொல்லக்கூடாது, நொண்டல்.

ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பைகள் கீழே கிடந்தன. பெட்டி மட்டும் மடியில்.

"ஏன்டா திரும்பி வந்த? அந்தக் காலை வச்சுக்கிட்டு," என்றாள். திட்டுகிற மாதிரியே இல்லை. காற்று வெளியே வருகிற மாதிரி இருந்தது.

"என்ன பண்ணுது?"

"தோள் வலிக்குது. பை தூக்கினதுல."

கையைப் பிடித்தேன். ஜில்லென்று ஈரமாக இருந்தது. உதடு சுவர் நிறத்தில் இருந்தது. அனுமதி கேட்காமல் வயிற்றைத் தொட்டேன். பலகை. லேசாக அழுத்தியதற்கே அலறிவிட்டாள். என் அக்கா அலறி அதுவரை நான் கேட்டதில்லை.

உள்ளே ரத்தம் ஓடுகிறவன் எப்படி இருப்பான் என்று எனக்குப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. நானே அப்படிப் படுத்திருக்கிறேன். தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவளுக்குப் பல் பிடுங்கியபோது துண்டு மேல் துண்டாக நனைந்தது, மாதத்தில் பாதி நாள் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கிடந்தது, யாமில் மாதிரி அவளுக்கும் காரணமில்லாமல் தொடையெல்லாம் நீலம் பாய்ந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் என் முன்னால் வந்து நின்றன. ஒரே அம்மா. ஒரே ரத்தம். எங்கள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்த சங்கத்தில், பரிசோதனைக்கு எங்களை வரிசையில் நிறுத்தியவளே அவள்தான். ரத்தம் எடுக்க அவள் கையை நீட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சாவு எங்கள் வீட்டுக்கு வந்தால் யாரைத் தேடி வரும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். என்னைத்தான். அது அவள் பக்கம் திரும்பும் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை.

பெட்டியைத் திறந்தேன்.

அவள் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "அது யாமிலுக்குடா. அவங்க அம்மாகிட்ட நான் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"கையை எடு."

"எனக்கு அந்த நோய் இல்ல லிம்பெர். வீணாக்காத. அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா..."

"கையை எடு அக்கா!" கத்திவிட்டேன். அவளைப் பார்த்து நான் அப்படிக் கத்தியதே இல்லை. அவள் சொல்வது சரியாக இருந்தால், கடைசி மருந்தையும் கொட்டிவிட்டு ஒரு பையனை மலையில் வெறுங்கையோடு நிறுத்துகிறவன் நான். அதுவும் தெரிந்துதான் இருந்தது.

மருந்தைக் கலந்தேன். கைப்பட்டையை இறுக்கினேன். நரம்பே இல்லை. முதல் குத்து வீண். இரண்டாவதும் வீண்.

"அடிக்காதடா, தடவு," என்றாள், கண்ணை மூடிக்கொண்டே. "பொறங்கையில பாரு. சாய்ச்சுப் பிடி. அவசரப்படாத... ம். இப்போ பட்டையை விடு."

ஊசியின் குழாயில் சிவப்பு ஏறியது. என் அக்கா தன் கையில் ஊசி போட எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மருந்து ஏறி முடியும் முன்னால் மயங்கிவிட்டாள்.

நான் கத்தியது கேட்டு விசில்கார அம்மா வந்து நின்றாள். "நீதானே தம்பி சொன்ன, இவ நோயாளி இல்லன்னு?"

"தெரியாம சொல்லிட்டேம்மா."

"இவளுக்கும் உள்ளதான் ரத்தமா?" அவளுக்கு இன்னும் சந்தேகம். அவள் கையைப் பிடித்து நெய்ஸாவின் வயிற்றில் வைத்தேன். எத்தனை பிள்ளை பெற்றவளோ, வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டாள். பிறகு அவள் ஊதிய விசில் இருக்கிறதே, அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. ஆம்பளைகளும் பொம்பளைகளும் ஓடிவந்து பாறைகளை உருட்டினார்கள். தண்ணீர் கிடைக்கும்வரை ஒரு கல்லும் நகராது என்று சொன்னவர்கள்தான். பிக்கப் வண்டி தார்ச்சாலையிலேயே நேராக வந்தது.

கிரோவரையும் யாமிலையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினோம். யாமில் காலி பெட்டியைப் பார்த்தான். தன் ஜாக்கெட்டைக் கழற்றி நெய்ஸாவின் கால்மேல் போட்டான். வளைவுக்கு வளைவு அவள் தலை என் மடியில் உருண்டது. மூக்கின் கீழ் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை மூச்சு தெரியவில்லை. என் விரல் மரத்துப் போயிருந்தது என்று பிறகுதான் புரிந்தது. அந்த இடைவெளியில் நான் பட்டதை எதிரிக்கும் கொடுக்கக்கூடாது.

பள்ளத்தாக்கு தெரிந்ததும் சிக்னல் வந்தது. எங்கள் முகாமுக்கு வரவேண்டிய டாக்டர் அன்ஸால்டோவைக் கூப்பிட்டேன்.

"எந்தப் பையனுக்கு?" என்றார்.

"பையனுக்கு இல்ல டாக்டர். நெய்ஸாவுக்கு."

அவள் வயிறு இருந்த நிலையையும் மருந்து ஏற்றியதையும் சொன்னேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "குடல்வால்னு நெனச்சு உடனே வயித்தைத் திறப்பாங்க. நான் ஃபேக்டரோட வர்ற வரைக்கும் அவ மேல கத்தி வைக்க விடாத. வாசல்ல படுத்தாவது தடு."

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை வாசலில் படுக்கவில்லை, ஆனால் நின்றேன். கை கழுவிவிட்டு வந்த சர்ஜன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பொம்பளைப் புள்ளைக்கு ஏதுய்யா அந்த நோய்?" என்றார். டாக்டர் அன்ஸால்டோ மூச்சிரைக்க மருந்தோடு வந்து சேரும்வரை நான் அந்தக் கதவைவிட்டு நகரவில்லை.

பிழைத்துக்கொண்டாள். சினைப்பையில் ஒரு கட்டி வெடித்து வயிறு முழுக்க ரத்தம் நிறைந்திருந்தது. மற்ற பெண்களுக்கு அது தானாக நின்றுவிடுமாம். அவளுக்கு நிற்கவில்லை.

கொஞ்சம் தெளிந்து உட்கார்ந்த பிறகு டாக்டர் அன்ஸால்டோ கட்டிலருகே வந்து கேட்டார். "இந்த மாதிரி வலி இதுக்கு முன்னாடி வந்திருக்காம்மா?"

"வந்திருக்கு டாக்டர். இவ்வளவு இல்ல. ஆனா நெறைய தடவை."

"அப்புறம் ஏம்மா சொல்லல? எத்தனை கூட்டத்துல என் பக்கத்துலயே நின்னிருக்க!"

நெய்ஸா என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாமல் சொன்னாள்:

"சொல்லலாம்னு வர்றப்பல்லாம் இவனுக்கு எங்கயாச்சும் வீங்கியிருக்கும், டாக்டர்."