டாக்டர் அறையில் மட்டும் நிமிரும் கால்

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனாருக்கு இடது காலில் உயிர் போகிற வலி. வீட்டில் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடப்பார். டாக்டரின் அறைக்குள் நுழைந்தால் மட்டும் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்துவிடுவார். "பரவாயில்லைங்க டாக்டர்" என்பார். இதுவரை போன இரண்டு முறையும் அவரும் மருமகளும் வெறும் தைலத்தோடு திரும்பினார்கள்.

'கடவுளே, இன்று இவர் பொய் எடுபடக் கூடாது' என்று வேண்டிக்கொண்டுதான் மருமகள் மூன்றாம் முறை அழைத்து வந்தாள். அன்றும் அவர் அதையே சொன்னார். டாக்டரும் தைலத்தையே எழுதப் போனார்.

"மாமா, நீங்க வெளியே உட்காருங்க," என்று அவரை அனுப்பிவிட்டு அவள் சொன்னாள்: "டாக்டர், ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்க."

நான்கு அடி தாண்டியதும் பெரியவர் சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் எழுந்து ஓடினார். "ஏன் மறைச்சீங்க?"

"இத்தனை பேர் காத்திருக்காங்க. என் ஒருத்தன் காலுக்காக எல்லாரையும் நிறுத்தி வைக்கிறதா?"

"ஏற முடியாதவங்களுக்காக நீங்க பஸ்ஸை நிறுத்தி வச்சதே இல்லையா மாமா?" என்றாள் மருமகள்.

"தினமும் நிறுத்துவேன். யாராவது முணுமுணுத்தா அதட்டுவேன்."

"மெதுவா பாருங்க டாக்டர், நாங்க இருக்கோம்," என்றபடி வரிசையில் முதலில் இருந்த அம்மாள் தன் நாற்காலியை அவருக்குத் தள்ளிவிட்டார்.

டாக்டர் தரையில் குந்தி, காலை மெல்ல அழுத்தினார். "எங்கே வலிக்குது?"

பெரியவர் மருமகளைப் பார்த்தார். அவள் டாக்டர் பக்கம் கை காட்டினாள்.

"இங்கே," என்றார். "இடுப்பிலேருந்து பாதம் வரைக்கும். ரொம்ப வலிக்குதுங்க."