கிணற்று நீச்சல்

முன்னால் போகக் கூடாது. முன்னால் போனால் மூழ்குகிறவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான். பின்னால் போய்த் தலைமயிரைப் பிடிக்க வேண்டும். பட்டாளத்தில்தான் ஒட்ட வெட்டிவிடுகிறார்களே, அங்கே எதைப் பிடித்திருப்பார்?

பள்ளிக்கூட மைதானத்தில், பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த தீர்த்தம்மாளுக்கு இதே நினைப்பு. மேடையில் அவள் கணவன், பட்டாளத்தில் நாயக்காக இருக்கும் பச்சியப்பன், புதுப் பதக்கத்தோடு, மாலைகளுக்குள் நெளிந்துகொண்டிருந்தான். போர் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பாலக்கோட்டிலிருந்தெல்லாம் டிராக்டரில் ஜனம் வந்திருந்தது.

கூட்டத் தலைவர் மைக்கில் நடந்ததைச் சொன்னார். விடியற்காலை, எதிரியின் கடற்கரை. வெடிமருந்துக் கிடங்கைத் தகர்க்க முப்பது பேர் படகில் போனார்கள். படகு மணல் திட்டில் தட்டியது. கரை வந்துவிட்டதென்று குதித்தவர்களுக்குத் தலைக்கு மேல் தண்ணீர். முதுகில் மூட்டை. கரையிலிருந்து இயந்திரத் துப்பாக்கி சுட்டது. பச்சியப்பன் தன் மூட்டையைக் கழற்றிவிட்டு நீந்தினான். நான்கு முறை போய் நான்கு பேரை இழுத்து வந்தான். கடைசி முறை தோளில் குண்டு. அப்படியும் கரையேறினான். கிடங்கு எரிந்தது.

"மூழ்கினவர்களின் மூட்டை வாரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாராம்!" என்றார் தலைவர்.

பின்னாலிருந்து. தீர்த்தம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சிறு வயதில் அண்ணன் மாதப்பன் கிணற்றில் தள்ளிவிட்டதிலிருந்து பச்சியப்பன் தண்ணீர்ப் பக்கமே போனதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு, மூன்று லீவுகளில், ஆளில்லாத மத்தியானங்களில், அவன் இடுப்பில் கயிறு கட்டி நீந்த வைத்தவள் அவள். முதல் லீவு முழுக்க அவன் கடைசிப் படியை விடவில்லை. நீச்சல் வந்த பிறகு, தானே மூழ்குவதுபோல் திமிறி, பின்னால் வந்து தன் தலைமயிரைப் பிடித்து இழுக்கச் சொன்னாள். ஊர் சிரிக்குமென்று இருவரும் வெளியே சொல்லவில்லை.

கூட்டம் முடிந்ததும் மாதப்பன் ஒரு பத்திரிகைக்காரரை அழைத்து வந்தான்.

"ஆத்துல பாதி நாள் தண்ணி இல்லாத ஊரு. இவருக்கு நீச்சல் யாருங்க கத்துக் குடுத்தாங்க?"

"நாந்தாங்க. சின்ன வயசுலயே தூக்கிக் கெணத்துல போட்டுட்டனே!"

"போட்டது நீங்க. தூக்குனது யாருங்கண்ணா?" என்றாள் பக்கத்து வீட்டு ராஜாமணி. பெண்கள் சிரித்தார்கள்.

மாதப்பன் தீர்த்தம்மாளைத் தனியே அழைத்தான்.

"தம்பி ஆசுபத்திரியிலருந்து எல்லாம் எழுதிட்டான். பொண்டாட்டிகிட்ட கத்துக்கிட்டான்னு பேப்பர்ல வந்தா நம்ம வூட்டு மானம் என்னாவறது? அண்ணன்தான் கத்துக் குடுத்தாருன்னு ஒரு வார்த்த சொல்லிரும்மா."

எழுதியிருக்கிறார். மறைக்காமல், அண்ணனுக்கே எழுதியிருக்கிறார். எங்கோ முகம் தெரியாத நான்கு வீடுகளில் நான்கு ஆண்கள் இந்நேரம் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். அந்த உப்புத் தண்ணீருக்குள் தன் கையும் இருந்திருக்கிறது. இத்தனை பெரிய சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பத்திரிகைக்காரர் பேனாவைத் திறந்தபடி அருகே வந்தார்.

"சொல்லும்மா," என்றான் மாதப்பன்.

"இல்லீங்க மாமா," என்றாள் அவள், மெதுவாக. "அத நான் சொல்லமாட்டேன்."