வலது பட்டன்

வேலையை விட்டுப் போகிறவர்களை உட்காரவைத்து, ஏன் போகிறீர்கள் என்று கேட்பது என் வேலை. தகட்டை அடித்துக் கார் பாகம் செய்யும் எங்கள் ஒரகடம் கம்பெனியில் பாதிப் பேர் வீட்டில் கல்யாணம் என்று வாய் கூசாமல் புளுகுவார்கள். ஆனால் மூலையில் இருக்கும், தகடு அடிக்கும் அந்தப் பிரஸ்ஸை ஓட்டியவர்கள் மட்டும், ஒருத்தர் பாக்கியில்லாமல், ஒரே பேச்சு.

“வலது பட்டன் தானா அமுங்குது மேடம்.”

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. அதில் ஒன்று தானாக அமுங்கினால் கை போச்சு.

அன்று மதியம் அதில் கனிஷ்காவை நிறுத்திவிட்டார்கள். என் சித்தி மகள். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். கேள்விப்பட்டதும் ஓடினேன்.

“இன்னா மேடம், இப்படி பயந்துகினு வர்றீங்க? வயரெல்லாம் மாத்தியாச்சு. எலுமிச்சம்பழம்கூட கட்டிக்கீது” என்று சிரித்தார் சூப்பர்வைசர் ரகுபதி.

“பல்லைக் காட்டாதீங்க!” என்று கத்திவிட்டு, கனிஷ்காவை இழுத்துத் தள்ளி நிறுத்தினேன். இடது பட்டனை மட்டும் அழுத்தினேன்.

யாரும் தொடாத வலது பட்டன் மெல்ல உள்ளே போனது. பிரஸ் தடாரென்று இறங்கியது. கனிஷ்கா வீறிட்டாள்.

“இதுல யாருக்காவது அடிபட்டுச்சா?” என்றேன் ரகுபதியிடம்.

ரகுபதியின் சிரிப்பு நின்றது. “காசிராஜன்னு ஒருத்தன். வலது கை போச்சு. நீங்க சேர்றதுக்கு முன்னாடி. ஊருக்கு அனுப்பிட்டோம்.”

“அவரை உட்காரவச்சுக் கேட்டீங்களா?”

“கை போனவன இன்னாத்த மேடம் கேக்குறது?”

பாவி! அங்கேயே நின்று நம்பர் வாங்கி, ஸ்பீக்கரில் போட்டேன். சங்கரன்கோவிலில் காசிராஜன் எடுத்தார். கம்பெனிப் பெயரைச் சொன்னதும் பேச ஆரம்பித்துவிட்டார்.

“இல்லாத கை மதியமானா வலிக்கி மேடம். பட்டன அமுக்கிக்கிட்டே இருக்க மாதிரி. இப்பக்கூட ஒருக்கா அமுக்குச்சு.”

நான் வலது பட்டனைப் பார்த்தேன். “காசிராஜன், அன்னைக்கு என்ன நடந்துச்சு? சொல்லுங்க.”

காசிராஜன் அழுதுகொண்டே சொன்னார்.

“சீக்கிரம் ஓட்டணும்னு வலது பட்டன அமுக்கி டேப்பு ஒட்டிட்டாவ. வலது கையால தகட்ட வச்சுக்கிட்டே இடது கையால ஓட்டுனேன். ஒட்டுனது ரகுபதி சாரு. வேலைய விட்டுப் போறவங்கள எல்லாம் கேப்பாவ, என்னைய மட்டும் ஒருத்தரும் கேக்கலையே மேடம்.”

ரகுபதி தலை நிமிரவில்லை. நான் இடது பட்டனை மறுபடி அழுத்தினேன். வலது பட்டன் அசையவில்லை.

“மேடம்,” என்றார் காசிராஜன், “வலி விட்டுப் போச்சு.”