இரண்டாவது சரணம்

"இரண்டாவது சரணம் எங்கே?"

கோபத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பாடகி ஒலிப்பதிவு அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"நேரம் இல்லைம்மா," என்றார் தயாரிப்பாளர். "மூணு நிமிஷத்துல பாட்டு முடியணும்."

"நடுவுல எக்காளம் மட்டும் ஊர்வலமே போகுது. அதுக்கு நேரம் இருக்கா?"

அவர் சிரித்து மழுப்பினார்.

அவள் இருபது வயதில் பாடிய நாட்டுப்பற்றுப் பாட்டு அது. ஒரு கோடை முழுக்கப் பேருந்து, பள்ளிக்கூடம், கடைவீதி என்று எங்கும் ஒலித்தது. அடுத்த கோடையில் சுவடில்லாமல் மறந்துபோனது. இப்போது ஏதோ விழாவுக்காகத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். முதல் சரணம் மலையையும் வயலையும் புகழும். இரண்டாவதுதான் மனிதரைக் கூப்பிடும்: 'கரை தேடி வந்தவரே, எங்கள் கதவுக்குத் தாழில்லை.'

அப்படிக் கரை தேடி வந்த ஒருவர்தான் அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தார். வீட்டாரை எதிர்த்து அவரைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். அவர் இப்போது சோபாவில், மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாயில்லாப் பூச்சியாக உட்கார்ந்திருந்தார்.

"உங்களைத்தாங்க வெட்டியிருக்காங்க. உறைக்கலையா?"

"விடும்மா. பாட்டுதானே? பாடிட்டு வா, போகலாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடகைக்கு வீடு தர மாட்டேன் என்றவனிடமும் இதே 'விடும்மா'தான். மகனை வகுப்பில் வந்தேறி என்று ஏசியபோதும் இதேதான். இந்த மனிதருக்கு உப்புப் போட்டுத்தானே சமைக்கிறேன்!

"சரி, பாடறேன்," என்றாள். "இசை வேண்டாம். வெறும் குரல்ல பாடறேன், அப்புறமா பொருத்திக்குங்க."

இப்போதெல்லாம் வரி வரியாகப் பாடவைத்து, மூச்சு விடும் இடங்களில் வெட்டி ஒட்டுகிறார்கள். அவள் அந்த இடத்தையே கொடுக்கவில்லை. முதல் சரணத்தின் கடைசிச் சொல்லை இழுத்து, அப்படியே இரண்டாவதற்குள் நுழைந்தாள். அதன் முடிவிலிருந்து வழுக்கிக்கொண்டு பல்லவிக்குப் போனாள். நெஞ்சு வலித்தது. நிறுத்தவில்லை; பாடி முடித்துத்தான் வெளியே வந்தாள்.

ஒலிப்பதிவாளர் உதட்டைப் பிதுக்கினார். "எங்க வெட்டினாலும் தெரியும் சார்."

"இன்னொரு டேக். சரணம் இல்லாம." தயாரிப்பாளர் குரலில் இப்போது 'அம்மா' இல்லை. "முடியாதுன்னா வேற ஆளைப் பாட வைக்கிறேன்."

அவள் வாய் திறப்பதற்குள் சோபா கிறீச்சிட்டது. கணவர் எழுந்துவிட்டார்.

"அவங்க பாட மாட்டாங்க சார்." மனைவியின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அந்தச் சரணத்துல இருக்கிறது நானு. எங்கம்மா. படகு ஏறியும் வந்து சேராத என் தம்பி. வேற யாரை வேணும்னாலும் பாட வைங்க. ஆனா இதுதான் அந்தப் பாட்டுன்னு ஊரை ஏமாத்தாதீங்க."

தயாரிப்பாளர் ஏதோ சொல்ல வந்தார். கேட்க அவர்கள் நிற்கவில்லை.

லிப்டில் அவள் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை வருஷம் எங்க இருந்துச்சு இந்த வாய்?"

"நீதான் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிட்டு இருந்தியே!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கோபத்தை விட மனமில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெரு நெடுகத் தயாரிப்பாளரைத் திட்டிக்கொண்டே நடந்தாள். அவரும் கூடச் சேர்ந்து, அவளைவிடச் சத்தமாகத் திட்டினார்.