பக்கத்து இருக்கையின் பிரேக்

மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூல் வாசலில் ஒரு பலகை உண்டு: ‘இங்கே பயின்று தோற்றவர் இல்லை.’ அது பொய்யில்லை. மாஸ்டர் பொய் சொல்கிற வம்சத்தில் பிறந்தவரில்லை. தோற்றுவிடுவார் என்று சந்தேகம் வந்தால் அந்த ஆளைத் தேர்வுக்கே அனுப்பமாட்டார், அவ்வளவுதான். ‘இன்னும் கை பழகவில்லை’ என்று ஊறப்போட்டுவிடுவார். பொறுமை இழந்தவர்கள் வேறு ஸ்கூலுக்கு ஓடிப்போவார்கள். அங்கே போய்த் தோற்றால் அது அந்த ஸ்கூலின் தலையெழுத்து.

இப்படி ஊறியவர்களில் மூத்தவர் அவருடைய மனைவி. மகன் தவழ்ந்த காலத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தவள். மகனுக்கே இப்போது காதோரம் நரைத்துவிட்டது. அவள் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறாள். மாஸ்டரின் நியாயம் எளிது. ஊரான் தோற்றால் பலகையை அழித்து வேறு எழுதிக்கொள்ளலாம். கட்டினவள் தோற்றால் எந்த முகத்தோடு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவது?

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் மகன் ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து குட்டையைக் குழப்பினான். பலனைப் பாராட்டக் கூடாதாம், முயற்சியைத்தான் பாராட்ட வேண்டுமாம். குழந்தைக்கும் அதே மருந்து, கிழவனுக்கும் அதே மருந்து. மருமகள் உடனே அமல்படுத்தினாள். பேத்தி ஐந்து காலோடு ஒரு மாடு வரைந்து கொண்டுவந்தபோது, எவ்வளவு கஷ்டப்பட்டு வரைந்திருக்கிறாய் என்று கன்னத்தைத் தடவினாள்.

“கஷ்டமே படலையே. டிவி பாத்துக்கிட்டே வரைஞ்சேன்” என்றது குழந்தை.

மாட்டுக்கு எதற்கு ஐந்தாவது கால் என்று மாஸ்டர் கேட்டார். அன்று சாப்பாட்டு மேஜையில் குற்றவாளி மாடு அல்ல, அவர்தான்.

ஸ்கூலிலும் அதே கூத்து. நடுச்சாலையில் வண்டியை அணையவிட்டவனுக்கு மகனின் கைதட்டல். கேட்டில் உரசியவளுக்குத் ‘துணிச்சல் நட்சத்திரம்’. உடைந்த பின்விளக்குக்கு யார் கைதட்டுவது என்று மாஸ்டர் விசாரித்தார். மகன் அதற்குப் பதிலாக, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அம்மாவைத் தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டு வந்தான்.

மாஸ்டர் அதட்டிப் பார்த்தார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார். அவள் அசையவில்லை.

“தோத்துட்டு வந்தா அந்தப் பலகையைக் கழட்டணும். அது ஞாபகம் இருக்கா?”

“கழட்டுங்க. ஜன்னலுக்குக் கொஞ்சம் வெளிச்சமாவது வரும்.”

தேர்வன்று தாம் அந்தப் பக்கமே வரப்போவதில்லை என்று அறிவித்த மாஸ்டர், எல்லோருக்கும் முன்னால் போய்த் தேர்வு மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே, ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டார்.

அவள் நன்றாகவே ஓட்டினாள். வளைவு சுத்தம், கியர் மாறுவது காதுக்கே தெரியவில்லை. மாஸ்டரின் மார்பு கொஞ்சம் விரிந்தது. கடைசியில் நிறுத்தக் கோடும் அதற்கப்பால் ஒரு ரப்பர் கூம்பும் இருந்தன. கார் கோட்டை நெருங்கியது. மரத்தின் பின்னால் மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை ஓங்கி அழுத்தியது. கார் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, கூம்பைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது.

மாஸ்டர் குனிந்து தம் காலைப் பார்த்தார். அது இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தது.

பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மற்றவர்களிடம் அவர் நாளடைவில் காலை எடுத்துவிடுவார். இவளிடம் மட்டும் எடுத்ததே இல்லை. குடும்ப மானம் ஓடுகிற வண்டியாயிற்றே. இத்தனை காலமும் அவள் ஓட்டினாள், அவர் நிறுத்தினார். தேர்வுக் காரில் அந்தப் பக்கத்துப் பிரேக்கும் இல்லை, அவர் காலும் இல்லை.

தேர்வு நடத்திய ஆய்வாளர் சலிப்போடு, எந்த ஸ்கூலில் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்பது வேலி வரை கேட்டது. அவள் இறங்கி, விழுந்த கூம்பை நிமிர்த்தி வைத்தாள்.

“ஸ்கூலுக்கெல்லாம் போகலைங்க. நானா பழகினது.”

பலகை பிழைத்தது.

மாலையில் மகன் கேக் வாங்கி வந்தான். மேலே ‘முயற்சிக்கு வாழ்த்துகள்’ என்று கிரீமால் எழுதியிருந்தது. மருமகள் கைதட்டினாள். பேத்தி, பாட்டி ஜெயித்துவிட்டாளா என்று கேட்டு, இல்லை என்று தெரிந்ததும், பிறகு எதற்குக் கேக் என்று நியாயமாகக் குழம்பினாள்.

மனைவி கத்தியைக் கையில் எடுக்கவில்லை.

“நான் முயற்சி பண்ணினது எனக்கே தெரியும்டா. அதுக்கு நீ கேக் வாங்க வேண்டாம். அந்த எடத்துல என் கால் ஏன் பிரேக்குக்குப் போகல? அதை யாராவது சொல்லுங்க, போதும்.”

மகன் படித்த வகுப்பில் கைதட்டல் வரைதான் பாடம். பதில் தெரிந்த ஒரே ஆள் கேக்கில் ஒரு துண்டை வெட்டி, எழுத்துகளில் ‘முய’ வரை விழுங்கிவிட்டு, எழுந்து போய்விட்டார். தோல்விக்கு வாங்கிய கேக் நன்றாகத்தான் இருந்தது. அதையும் அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலை பயிற்சிக் காரை அவரே வாசலுக்குக் கொண்டுவந்தார். பக்கத்து இருக்கைக்கு மாறினார். செருப்பைக் கழற்றினார். கால்கள் இரண்டையும் தூக்கி, இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மனைவி அந்தக் கால்களைப் பார்த்தாள். வெறுமையாகக் கிடந்த பிரேக்கைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் எதிரே சாலையைப் பார்த்தார்.

“எடு வண்டியை.”

தெருமுனையில் ஒரு லாரி குறுக்கே வந்தது. அவர் கால் விரல்கள் பத்தும் சுருண்டன. ‘பிரேக்’ என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதைத் தண்ணீர் இல்லாமல் மாத்திரை விழுங்குவதுபோல் விழுங்கினார்.

கார் குலுங்கி நின்றது. அவர் நெற்றி முன்கண்ணாடியில் மோதாமல் தப்பியது. லாரி போய்விட்டது. அவள் காலை இன்னும் பிரேக்கிலிருந்து எடுக்காமல் அவர் பக்கம் திரும்பினாள்.

“முயற்சி பரவாயில்ல.”

“உன்னோடதா?”

“உங்களோடதுதாங்க.”

மாஸ்டர் முதுகை நிமிர்த்தினார். அடுத்த தேர்வுக்குத் தாமே பதிவு செய்யப்போவதாகவும், ஆய்வாளர் கேட்டால் ஸ்கூல் பெயரைச் சொல்லலாம் என்றும் சொன்னார். கால் இரண்டும் மரத்துப்போய் ஊசி குத்திக்கொண்டிருந்ததை மட்டும் சொல்லவில்லை. குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே.