தாயம்மாளின் ஷிப்டு

அழைப்பிதழ்க் கட்டைப் பிரித்ததும் நான் முதலில் தேடியது என் பெயரைத்தான். மறைப்பானேன்? “வரவேற்புரை: கஸ்தூரி, செயலாளர்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அது எண்பத்தேழாம் வருடம். ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாகச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்த எனக்கு, குவார்ட்டர்ஸ் கலை மன்றத்தில் இந்தப் பதவி கிடைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆண்டு விழாவுக்குப் பட்டணத்திலிருந்து மெல்லிசைக் குழுவைக் கூப்பிடுவதும், நம்மூர்க் கலைஞர்களுக்கு ஆளுக்கொரு துண்டைப் போர்த்தி ஓரமாக உட்கார வைப்பதும்தான் மன்றத்தின் வழக்கம். இந்தத் தடவை நம் பெண்களின் பாட்டு நாடகம்தான் மேடையேற வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். தலைவர் பார்த்தசாரதி அரை மனதாகத்தான் ஒத்துக்கொண்டார். சொதப்பினால் அடுத்த வருடத்திலிருந்து பழையபடி மெல்லிசைதான், பிறகு இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார்.

நாடகம் தாயம்மாளுடையது. கோவில்பதாகையிலிருந்து வருகிறவள், என் பிரிவிலேயே காலர் வேலை. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் நான்கு பெண்களைப் பற்றி, மிஷின் ஓடுகிற சத்தத்துக்கே பாட்டுக் கட்டியிருந்தாள். எதையும் காகிதத்தில் எழுத மாட்டாள். சாராளும் அருள்செல்வியும் மற்ற இரண்டு பேரும் அக்கம்பக்கத்து மிஷினில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். ஆனால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது, தினமும் நாலு வரியை மாற்றிவிடுவாள். அதனால் ஆட்டம் நடக்கும்போது அவளே படுதாவுக்குப் பின்னால் நின்று அடியெடுத்துக் கொடுத்தாக வேண்டும். அவள் குரல் வராவிட்டால் முன்னால் நிற்கிறவர்கள் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான்.

விழா ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அந்த வாரம் எனக்கு முதல் ஷிப்டு, அவர்களுக்கு இரண்டாம் ஷிப்டு. கலைஞர்களுக்குத் துண்டைவிட நேரம்தான் தேவை என்று எனக்குத் தெரியாதா? மன்றத்தின் முத்திரை குத்தி, ஷிப்டு மாற்றிக் கேட்டு மனு கொடுத்தேன். இதற்கு முன் எந்தச் செயலாளருக்கும் தோன்றாத யோசனை. அனுமதி வந்ததும் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஷிப்டு மாறுகிற நேரத்தில் அழைப்பிதழைத் தாயம்மாளிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நல்லா கீதுக்கா. ஆனா அன்னிக்கு நான் இங்க மிஷின்ல கீறேனே. பின்னால யாரு நிக்கப் போறாங்க?”

மனுவில் ‘நடிப்பவர்கள்’ என்று தலைப்புப் போட்டு நான்கு பெயரை எழுதியிருந்தேன். படுதாவுக்குப் பின்னால் நிற்கிறவள் என் ஞாபகத்துக்கே வரவில்லை. நாடகத்தையே உண்டாக்கியவளை மறந்துவிட்டு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த என்னை எதால் அடிப்பது?

ஓடிப்போய்க் கேட்டதற்கு சூப்பர்வைசர் ராஜசேகரன் முடியாதென்று தலையை ஆட்டினார். மனுவுக்கான நாள் முடிந்துவிட்டது, முதல் ஷிப்டில் இதே வேலை செய்கிற யாராவது கையெழுத்துப் போட்டு இடம் மாற்றிக்கொண்டால் உண்டு என்றார். ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். எல்லோரும் நாடகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வீடு வீடாகப் போய் அழைத்தவள் நான்தானே.

அன்று வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். விழாவுக்கென்று எடுத்த மாம்பழக் கலர் புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. வரவேற்புரையைக் கண்ணாடி முன் ஏழெட்டுத் தடவை பேசிப் பார்த்திருந்தேன். ஒரு மூச்சு அழுதேன். மறுநாள் காலை ராஜசேகரனிடம் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

“நீ முன்னால குந்தாம நான் பின்னால நின்னு இன்னாக்கா பிரயோஜனம்?” என்றாள் தாயம்மாள்.

“நான் குந்தலன்னா ஒரு நாற்காலிதான் காலி. நீ நிக்கலன்னா மேடையே காலி. போய் வேலையப் பாரு.”

வரவேற்புரையைப் பார்த்தசாரதியிடமே தள்ளிவிட்டேன். மைக் செட் எட்மண்டிடம் மட்டும் ஒரு காரியம் சொன்னேன்: நான்கு குழாய் ஸ்பீக்கரில் ஒன்றைத் தொழிற்சாலை மதிலைப் பார்த்துத் திருப்பிக் கட்ட வேண்டும்.

சனிக்கிழமை ஆறரைக்கு டீ மணி அடித்தது. மிஷின்கள் நின்றதும் ஜன்னல் வழியாக முதலில் கேட்டது சிரிப்புச் சத்தம்தான். ஊரே சிரித்தது. பிறகு சாராளின் குரல், அதற்கு அரை நொடி முன்னால் படுதாவைத் தாண்டி மைக்கில் விழுந்த தாயம்மாளின் குரல். எனக்குத் தெரிந்த பாட்டுத்தான். நானும் கூடவே முணுமுணுத்தேன். நடுவில் ஒத்திகையில் இல்லாத இரண்டு அடி வந்தது.

“முன்வரிசையில நாற்காலி ஒண்ணு காலியா கீது,
யாருதுன்னு கேட்டாக்கா காலர்த் தையல் சொல்லும்.”

சாராள் ஒரு கணம் தடுமாறி, பிறகு உரக்கப் பாடினாள். மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். கைதட்டல் மதிலைத் தாண்டி வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் யூனிபாரத் துணி ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

டீ நேரம் முடிந்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. ராஜசேகரன் ஒரு கையை மணியின் சுவிட்சில் வைத்தபடியே, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.